ஒயர் எட்டாத இடம்

என் சித்தி யாருடைய முகத்தையும் முதலில் பார்க்க மாட்டாள். கையைத்தான் பார்ப்பாள். சித்தப்பா பஸ் டிரைவர். அவரையே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கைகளாகத்தான் முதன்முதலில் பார்த்தேன் என்பாள். "முகத்தைப் பாத்திருந்தா தப்பிச்சிருப்பா, பாவம்" என்பார் சித்தப்பா.

இந்தப் பழக்கம் துணிக்கடையில் வந்தது. பெரிய கடை. மாடிப்படிக்கு அடியில் இருந்த ஓர் அறையில் உட்கார்ந்து, கேமராப் படங்களைப் பார்ப்பதுதான் அவள் வேலை. திருட வருகிறவர்களின் முகம் எல்லோருடைய முகத்தையும் போல்தான் இருக்கும். கை அப்படி இல்லை. எடுக்கப் போகிற கை அதற்கு முன் ஒரு கணம் செத்தது மாதிரிக் கிடக்கும். அந்தக் கணத்தைப் பிடிக்கச் சித்தியை விட்டால் ஆள் கிடையாது. கடையில் அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த நாட்களில்தான் புதுச் சட்டம் வந்தது. இறைச்சிக்காக அறுக்கப்படும் எந்த விலங்கையும் முதலில் நினைவிழக்கச் செய்ய வேண்டும், உயிர் போகும்வரை அதற்கு நினைவு திரும்பக் கூடாது. இது பழைய விதிதான். யாரும் பார்க்காத விதி. இனிமேல் ஒவ்வொரு அறுப்புக்கூடத்திலும் கேமரா இருக்க வேண்டும், அந்தப் பதிவுகளை அரசாங்கத்தின் ஆட்கள் பார்க்க வேண்டும் என்று அதில் புதிதாகச் சேர்த்தார்கள். பார்க்க ஆள் தேவைப்பட்டது. துணிக்கடையில் வருஷக்கணக்கில் திரையைப் பார்த்திருந்த சித்தி விண்ணப்பம் போட்டாள். கிடைத்துவிட்டது. அரசாங்க வேலை என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

"ஆட்டைத் திருடிட்டுப் போறானான்னு பாக்கணுமா?" என்று சித்தப்பா கேட்டார்.

"ஆட்டுக்கு வலிக்குதான்னு பாக்கணும்" என்றாள் சித்தி.

சித்தப்பா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அலுவலகம் ஒரு கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. வெளிச்சம் திரையில் விழக் கூடாதென்று ஜன்னலுக்குப் பழுப்புத் தாள் ஒட்டியிருப்பார்கள். அவளுக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு கால்நடை டாக்டர். சித்தியைவிட ரொம்பச் சின்னப் பெண், சித்தியை அக்கா என்றுதான் கூப்பிடும். அறுப்புக்கூடங்களுக்கு நேரில் போய்ச் சோதனை செய்வதும் நோட்டீஸ் கொடுப்பதும் அந்த டாக்டரின் பொறுப்பு. திரையில் சித்தி எதைப் பிடித்தாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

"ஆட்டோட தலையில ரெண்டு பக்கமும் கரண்ட் கிடுக்கியை வெச்சு அழுத்துவாங்கக்கா. சரியா வெச்சா அந்த நொடியே நினைவு போயிடும். அப்புறம் மூச்சு இருக்காது. கண்ணைத் தொட்டாலும் இமைக்காது. சீக்கிரமா அறுத்துடணும். லேட்டானாலோ கரண்ட் பத்தலைன்னாலோ முழிச்சுக்கும். அது மட்டும் நடக்கவே கூடாது."

"சத்தம் வராதா டாக்டரம்மா?"

"படம் மட்டும்தான். சட்டத்துல அவ்வளவுதான் கேட்டிருக்காங்க."

சத்தமில்லாதது நல்லதுதான் என்று சித்தி முதலில் நினைத்தாளாம். போகப் போகத்தான் தெரிந்தது, சத்தமில்லாத இடத்தில் நம் காதே ஒன்றைப் போட்டுக்கொள்கிறது என்று.

நான்கைந்து கூடங்களின் பதிவுகள் அவள் பங்குக்கு வந்தன. அங்கேயும் முகங்களை அவள் பார்க்கவில்லை. முகக்கவசமும் தொப்பியும் போட்டிருந்ததால் பார்க்கவும் முடியாது. கைகளைத் தெரிந்துகொண்டாள். அவற்றில் ஒரு கைக்கு மட்டும் அவள் பெயர் வைத்திருந்தாள்: கோணல் விரல். ஊருக்கு வெளியே இருந்த ஒரு கூடத்தில் கிடுக்கி பிடிக்கிறவர். இடது கையில் சுண்டுவிரல் ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தது. ஆடு முன்னால் வந்ததும் அந்தக் கையின் பின்புறத்தை அதன் கன்னத்தில் ஒரு கணம் வைப்பார். ஆடு தலையை ஆட்டுவதை நிறுத்தும். பிறகு கிடுக்கி. பிறகு கோணல் விரலாலேயே கண்ணின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பார். இமைத்தால் உடனே இன்னொரு தடவை கிடுக்கி. அதற்கப்புறம்தான் சங்கிலியில் மாட்ட விடுவார். சங்கிலி ஆட்டைத் தலைகீழாகத் தூக்கி அடுத்த கேமராவுக்குக் கொண்டுபோகும்.

"அவர் வேலை செய்ற நாள்ல எனக்குக் கண்ணு வலிக்காது" என்பாள் சித்தி.

பல மாதங்கள் அப்படியே ஓடின. பிறகு ஒரு நாள் அந்தக் கூடத்துச் சங்கிலி வேகமாக ஓடுவதை அவள் கவனித்தாள். கோணல் விரல் இப்போது கன்னத்தில் கை வைப்பதில்லை. கண்ணைத் தொடுவதும் இல்லை. வைப்பார், எடுப்பார், அடுத்தது. விதிப்படி பார்த்தால் அதில் குறிப்பிட்டுச் சொல்லும்படி குற்றம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது.

இரண்டாவது கேமராவின் முன்னால் ஓர் ஆடு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வந்தது. மற்றவை போலவேதான். முகம் மெல்லச் சுற்றித் திரைக்கு நேராக வந்தது. கண் மூடித் திறந்தது.

படத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். மறுபடி மூடித் திறந்தது. மூன்றாவது முறை ஓட்டியபோதுதான் தெரிந்தது. அந்தக் கண் சும்மா திறந்திருக்கவில்லை. பார்த்தது. வேறெதையும் அல்ல, நேராகக் கேமராவை. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளை. பார்த்தபடியே அது திரையின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. அங்கேயிருந்து அறுக்கிற இடத்து மூன்றாவது கேமராவரை ஒரு வளைவு. அந்த வளைவில் கேமரா கிடையாது.

டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் நின்றபடியே பார்த்தது, பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தது.

"சில சமயம் நரம்பு தானா துடிக்கும்னு சொன்னீங்களே டாக்டரம்மா, இது அதுதானே?" சித்தி கேட்டது கெஞ்சுவது போல இருந்ததாம்.

"இல்லக்கா. மூக்கைப் பாருங்க. மூச்சு விடுது."

அதற்கப்புறம் வந்த நாட்களைச் சித்தி எங்களிடம் அப்போது சொல்லவில்லை. நாங்களாகத்தான் பார்த்தோம். பேசிக்கொண்டே இருப்பாள், எதிரில் இருப்பவர் இமைத்தால் பேச்சு நின்றுவிடும். என் அம்மா, அதாவது அவளுடைய அக்கா, "ஏண்டி என் கண்ணையே முறைக்கிற, கடன்காரி மாதிரி?" என்று ஒரு நாள் கேட்டே விட்டாள். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து சித்தப்பா மதியம் தூங்குவார். ஒரு நாள் தூக்கத்தில் இமை மேல் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்து விழித்திருக்கிறார். சித்தி பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலால் அவர் கண்ணின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"ஒண்ணுமில்லங்க. தூங்குறீங்களான்னு பாத்தேன்."

"தூங்கிட்டுதான் இருந்தேன், நீ பாக்குற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்தார். ஆனால் அதற்கப்புறம் அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். வரக்கூடாது என்று அவரே பிடிவாதமாக விழித்திருந்தாராம். கண்ணை மூடினால் மறுபடி அவள் வருவாள் என்று ஒரு பயம். கட்டின பெண்டாட்டியிடம் அப்படி ஒரு பயம் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கூடத்துக்குச் சோதனைக்குப் போனது. ஆனால் வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, வெள்ளைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாங்கிப் போட்டு, கை கழுவி, கால் கழுவி உள்ளே போக வேண்டும். அதுவும் சட்டம்தான். அதற்குள் உள்ளே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. டாக்டர் உள்ளே நுழைந்தபோது சங்கிலி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஆட்டையும் கண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

பதிவு கையில் இருந்ததால் நோட்டீஸ் மட்டும் கொடுக்க முடிந்தது. சீக்கிரமே பதில் வந்தது. பணிவான பதில். தவறு ஒரு தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது, அவரை நீக்கிவிட்டோம், அவருடைய லைசென்ஸையும் ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். கிடுக்கி பிடிக்கிறவருக்குத் தனி லைசென்ஸ் உண்டு, அது இல்லாமல் எந்தக் கூடத்திலும் அந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள். சித்தியின் மேலதிகாரிக்கு ரொம்பத் திருப்தி. குற்றம் கண்டுபிடித்தாயிற்று, ஆள் கிடைத்தாயிற்று, லைசென்ஸையும் ரத்து செய்தாயிற்று. சித்தியைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

அடுத்த நாள் திரையில் வேறு கைகள் வந்தன. இளம் கைகள், பத்து விரலும் நேராக இருந்தன. சித்தி இரண்டாவது கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் இன்னொரு கண் இமைத்தது. மறு நாளும் ஒன்று.

"டாக்டரம்மா, கை மாறியும் இது மாறலையே."

டாக்டர் முகத்தைத் தேய்த்துக்கொண்டது. "அப்போ மெஷின்ல கரண்ட் பத்தலைக்கா. ஆனா கரண்ட் பத்தலைன்னா கிடுக்கியோட மெஷின் பெட்டியில சிவப்பு லைட் எரியணும். நான் போனப்ப பச்சைதான் எரிஞ்சுது."

பெட்டியா? இத்தனை நாளில் சித்தி அந்தப் பெட்டியைப் பார்த்ததே இல்லை. முதல் கேமராவின் மேல் மூலையில் பாதி தெரிந்தது. பார்த்தால் அதில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரப்பர் கையுறை தொங்கிக்கொண்டிருந்தது.

பழைய பதிவுகளை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். தானாக அழிந்துவிடும். சித்தி சாப்பிடக்கூட எழுந்து போகாமல் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். டாக்டர் சோதனைக்குப் போன நாளில் மட்டும் கையுறை இல்லை. அதற்கு முன் சில வாரங்களாக இருந்தது. இன்னும் பின்னால் போனால் விளக்கு தெரிந்தது, பச்சையாக, சில நாள் இடையிடையே சிவப்பாக. சிவப்பு வந்தபோதெல்லாம் கோணல் விரல் சங்கிலியை நிறுத்தினார், கிடுக்கியின் பற்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார், மறுபடி வைத்தார். நாளாக நாளாகச் சிவப்பு அடிக்கடி வந்தது. அவரும் அடிக்கடி நிறுத்தினார்.

பிறகு ஒரு நாள் திரையில் வேறொரு கை வந்தது. இரத்தக்கறை படாத வெள்ளைக் கோட்டு, மணிக்கட்டில் அகலமான கைக்கடிகாரம். அந்தக் கை கையுறையை விளக்கின் மேல் மாட்டியது. கோணல் விரல் அதைக் கழற்றியது. கடிகாரக் கை மறுபடி மாட்டியது. மறுபடி கழற்றியது. அடுத்த தடவை கோணல் விரல் மேலே போனபோது, கடிகாரக் கை அந்த மணிக்கட்டைப் பிடித்தது. அடிக்கவில்லை, தள்ளவில்லை. பிடித்துக்கொண்டே நின்றது. இரண்டு கைகளும் அப்படியே அசையாமல் இருந்தன. சங்கிலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கோணல் விரல் கீழே இறங்கியது.

அன்றிலிருந்துதான் அவர் ஆடுகளின் கண்ணைத் தொடவில்லை.

"ஏன் தொடலைன்னு எனக்கு அப்பப் புரிஞ்சுது" என்று சித்தி பின்னாளில் என்னிடம் சொன்னாள். "தொட்டா தெரிஞ்சுடும். தெரிஞ்சா நிறுத்தணும். நிறுத்த விட மாட்டாங்க."

இதைப் போய்ச் சொன்னபோது மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. முடிந்த விஷயத்தை ஏன் கிளற வேண்டும் என்றார். டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "முடியலை சார். இன்னிக்குக் காலையிலயும் ஒண்ணு முழிச்சிருக்கு. நீங்களே வந்து பாருங்க" என்று திரைக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தது. அவர் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். விசாரணைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

விசாரணை நடந்தது. மூன்று பேர் கொண்ட குழு, நீள மேஜை, மின்விசிறிச் சத்தம். கடிகாரக் கைக்கு அன்றுதான் ஒரு முகம் கிடைத்தது. அறுப்புக்கூடத்தின் மேனேஜர். நல்ல களையான முகம், பொறுமையான பேச்சு. கையுறை ஈரமாக இருந்தது, காயப் போட்டேன் என்றார். அவருடைய வக்கீல் சித்தியைக் கேட்டார்:

"அம்மா, படத்துல சத்தம் உண்டா?"

"இல்லைங்க."

"அப்போ அங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேசினது தெரியாதுங்க. ஒரு கை கழட்டுது, இன்னொரு கை மாட்டுது. காயப் போட்ட கையுறையை யாருங்க மணிக்கட்டைப் பிடிச்சுக் காப்பாத்துவாங்க?"

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். சித்திக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே வந்த தீர்ப்பு சாதகமாகத்தான் இருந்தது. மெஷினை மாற்றும்வரை கூடத்தை மூடினார்கள். அபராதம். மேனேஜர் இனி எந்த அறுப்புக்கூடத்திலும் பொறுப்பில் இருக்கக் கூடாது. சங்கிலிக்கு வேக வரம்பு. கிடுக்கிக்காரரின் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அவரும் சாட்சி சொல்ல வந்திருந்தார். வெளியே நடைக்கூடத்தில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகளை வைத்துச் சித்தி பெரிய ஆளாகக் கற்பனை செய்திருந்தாள். ஒல்லியான, குள்ளமான மனிதர், சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது. அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லைசென்ஸ் குடுத்துட்டாங்கண்ணே."

"ஆமாம்மா. கேட்டேன்." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு வேண்டாம். ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற இடத்துல சேந்துட்டேன். அங்க எல்லாம் சூடா, வெள்ளையா இருக்கு." பிறகு, "எந்த ஆடும்மா நீங்க முதல்ல பாத்தது?" என்று கேட்டார்.

சித்தி சொன்னாள். இடது காது கிழிந்தது, நெற்றியில் சேறு. அவர் தலையை ஆட்டினார். ஆயிரம் ஆட்டில் அவருக்கு அது தெரிந்திருந்தது.

"அதுக்கப்புறம் அதுக்கு என்னாச்சுன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது. அந்த வளைவுல கேமரா இல்ல."

"நான் பாத்துட்டேன். அது தலையைத் தூக்குச்சு. கிடுக்கியை எடுத்துக்கிட்டு ஓடினேன். இன்னொரு தடவை வெச்சா போதும், ஒண்ணும் தெரியாமப் போயிடும்." கையை முன்னால் நீட்டினார், எதையோ எட்டுகிற மாதிரி. "ஒயர் எட்டலைம்மா. இழுத்துப் பாத்தேன். இந்தா, இவ்வளவுதான் பாக்கி. அது என்னைப் பாத்துக்கிட்டே போச்சு."

அன்றைய பதிவில் அந்த ஆடு மறைந்த பிறகு, திரையின் அடியில் ஒரு கறுப்புக் கோடு விறைப்பாக நின்று அதிர்ந்ததை அவள் பார்த்திருந்தாள். நிழல் என்று விட்டுவிட்டாள்.

"நீங்க ஒண்ணைப் பாத்தீங்க" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "கேமரா வெச்சப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சும்மா, தெரியுமா? இத்தனை நாளா நான் ஒருத்தன்தானே பாத்துக்கிட்டு இருந்தேன், இனிமே இன்னொருத்தரும் பாப்பாங்கன்னு. ராத்திரி அதெல்லாம் வரும்போது, பாதி அந்தப் பக்கம் போகும்னு நெனச்சேன். போகலை. உங்களைப் பாத்தாலே தெரியுது, உங்களுக்கும் வருது, எனக்கும் வருது. குறையவே இல்ல."

அவர் எழுந்து, அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன் என்றாள் சித்தி.

அவள் டாக்டரிடம் போய் ஒயரைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் அதை எழுதி மேலே அனுப்பி, விடாமல் துரத்தியது. ரொம்ப நாள் ஆயிற்று. கடைசியில் விதியில் ஒரு வரி சேர்ந்தது: சங்கிலியின் முதல் வளைவு முழுவதற்கும் கிடுக்கியின் ஒயர் எட்ட வேண்டும், அந்த வளைவிலும் கேமரா இருக்க வேண்டும். எல்லாக் கூடங்களுக்கும் அது பொருந்தும். பெரிய சட்டத்தில் யாரும் கவனிக்காத ஒரு வரி. ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் சொல்லலாம் என்று சித்தி கிளம்பினாள். சலவைக்கூடத்தின் வாசல்வரை போயிருக்கிறாள். உள்ளே அவர் ஈரப் போர்வைகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொல்ல, சிரித்தார். சித்தி கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டாள்.

நாய், பூனை விற்கிற கடைகளைச் சோதனை செய்யும் பிரிவுக்கு மாற்றித் தருகிறேன் என்று மேலதிகாரியே சொன்னார். சித்தப்பாவும் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அவள் அலுவலகத்துக்குப் போனேன். கீழே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். மெலிந்திருந்தாள், ஆனால் என் படிப்பு, அம்மாவின் முழங்கால் வலி என்று எல்லாவற்றையும் விசாரித்தாள்.

"இப்போ எப்படி சித்தி இருக்கு? ஏதாவது தப்பு நடக்குதா?"

"ரொம்பக் குறைஞ்சிருச்சு. இந்த வாரம் ஒண்ணுமே இல்ல" என்றாள். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "ஒண்ணும் இல்லாத நாள்தான் எனக்குக் கஷ்டமா இருக்கு. நிஜமாவே இல்லையா, நான்தான் விட்டுட்டேனான்னு தெரிய மாட்டேங்குது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குறேன்."

மாடியிலிருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, வேறொரு கூடத்திலிருந்து பதிவு வந்துவிட்டதாகச் சொன்னது. சித்தி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். "நீ குடிச்சிட்டுப் போ" என்று என் தோளைத் தட்டிவிட்டு, சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.